எங்கள் எல்.கே.ஜி. பேசும் பாஷைகள்

சின்னப் பிள்ளைகளுக்கு 'அ', 'ஆ' சொல்லிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. மூக்கைத் துடைப்பதும், இடது கால் செருப்பை வலது காலிலிருந்து கழற்றி மாட்டுவதும், அவர்களைப் பெற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வதும்தான் இந்தத் தொழில்.

நசரத்பேட்டையில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் பதினான்கு வருஷமாக டீச்சராக இருக்கிறேன். ப்ரீ-கேஜி, எல்.கே.ஜி. இரண்டும் என் தலையில். எனக்குத் துணை ஆயா கன்னியம்மா. அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பள்ளி இருக்கும் இந்த இடத்தில் அவளுடைய அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், இன்னொரு பக்கம் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் லைன் வீடுகள். எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் எங்களிடம்தான் வருகிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், ராஜஸ்தான், ஆந்திரா, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று ஒரே பாயில் உட்காருவார்கள்.

உங்களில் யாராவது என்னைப் போல இந்த வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால் கீழே வருவதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். தப்பு செய்தது நீங்கள் மட்டும் இல்லை.

மூன்று நாள் அழுகை

லிபுன் ஒடிசாப் பையன். மூன்று வயசு இன்னும் ஆகவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டில் வேலை. முதல் நாள் அப்பா வாசலில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். பையன் அழ ஆரம்பித்தான். அழுவது புதிது இல்லை; எல்லாப் பிள்ளையும் அழும். ஆனால் இவன் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அழுதான். எங்கள் காதில் அது 'போவு, போவு' என்று விழுந்தது.

"நம்மளப் போவ சொல்றான் டீச்சர். புது எடம் பாரு, பக்கத்துல ஆளு வந்தா புடிக்கல கொயந்திக்கு" என்றாள் கன்னியம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. சில பிள்ளைகளுக்கு யாரும் கிட்டே வராமல் இருந்தால் தானாக அடங்கும். பயிற்சியில்கூட அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் பொம்மைகளை அவன் முன்னால் வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்துகொண்டோம். அவன் இன்னும் பெரிதாக 'போவு' என்றான். நாங்கள் இன்னும் தள்ளிப் போனோம். அவன் குரல் கம்மிப்போகும்வரை இது நடந்தது. மூன்று நாள்.

நான்காம் நாள் அவன் அப்பாவை நிறுத்தி, "பையன் எங்களைக் கிட்டவே சேர்க்க மாட்டேன் என்கிறான். போ, போ என்று விரட்டுகிறான்" என்றேன். அவர் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "போ இல்ல டீச்சர். போஉ. எங்க ஊர்ல அம்மா பேரு போஉ" என்றார். கன்னியம்மா கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாயந்திரம்வரை இறக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பெத்தவளக் கூப்டுகினு இருந்துகீது கொயந்த, நாம இன்னாடான்னா தள்ளித் தள்ளிப் போய்கினு இருந்துருக்கோம், டீச்சர்."

கடையில் கிடைக்காத காய்

குஷியின் குடும்பம் ராஜஸ்தான்காரர்கள். பூந்தமல்லியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார்கள். அம்மா புஷ்பா நன்றாகத் தமிழ் பேசுவார், கடை வாடிக்கையாளரிடம் பேசுவது போல எல்லோருக்கும் 'ங்க' போட்டு. அந்த வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டாது. குஷி சாப்பாட்டு விஷயத்தில் என்னைப் படுத்தி எடுத்தவள். டப்பாவைத் திறப்பாள், மூடுவாள். சப்பாத்தியை ரயில் பெட்டி மாதிரி அடுக்குவாள். வாய்க்குள் மட்டும் போகாது.

அவள் பக்கத்தில் எப்போதும் உட்காருவது யாழினி. யாழினியின் அம்மா செல்வி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள். காலையிலேயே எழுந்து மகளுக்கும் சுடச்சுட ஏதாவது செய்து அனுப்பிவிடுவாள். ஒரு நாள் மதியம் நான் ஒரு பிள்ளைக்குக் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது குஷி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். டப்பா காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டாளே என்ற சந்தோஷத்தில் எந்த டப்பா, யாருடைய டப்பா என்று நான் பார்க்கவில்லை. நோட்டில் 'இன்று முழுவதும் சாப்பிட்டாள்' என்று எழுதி, ஒரு நட்சத்திரமும் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை புஷ்பா வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், நேத்து வந்ததுலேருந்து ஒரே பிடிவாதம். நெத்திலி பண்ணிக் கொடுங்கறா. நான் மார்க்கெட் முழுக்கத் தேடிட்டேன். அது என்ன காய்ங்க? இப்ப சீசன் இல்லையா?" என்றார்.

ஏதாவது ஒரு காயின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இவர் பிள்ளையை நம்பி நம்மிடம் விட்டிருக்கிறார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். தப்பு என்னுடையது, பார்க்காமல் இருந்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் யாழினியை வேறு இடத்தில் உட்காரவைக்கிறேன் என்றேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். "அது மட்டும் செய்யாதீங்க. வீட்டுல இவ பேசறதே அந்தப் பொண்ணைப் பத்திதான். அந்தக் குழந்தை தான் சாப்பிடறதைத்தானே கொடுத்தது" என்றார்.

அன்றிலிருந்து ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதை வகுப்புக்கே சட்டமாக்கினேன். யாருக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். புஷ்பா அன்றைக்குக் கிளம்பும்போது படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகக் கேட்டார்:

"மீனுக்குப் போய் இவ்வளவு அழகா ஒரு பேரை எதுக்குங்க வெச்சீங்க?"

சேவல் சண்டை

விலங்குகள், பறவைகள் பாடம். சேவல் படத்தைக் காட்டி எப்படிக் கூவும் என்று கேட்டேன். பாதிப் பேர் 'கொக்கரக்கோ' என்றார்கள். பின்வரிசையிலிருந்து 'குக்டூ கூ' என்று ஒரு குரல். ஆந்திராப் பெண் ஒருத்தி 'கொக்கொரொக்கோ' என்று இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவ்வளவுதான், யார் சேவல் சரி என்று சண்டை. இரண்டு பேர் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பிரித்துவிட்டு, எல்லாச் சேவலும் சரிதான் என்று நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், நாலு வயசு யாழினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்:

"அவங்க ஊரு சேவலுக்குத் தமிழ் தெரியாது, டீச்சர். பாவம், வுட்டுரலாம்."

கத்திரிக்கோல்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அங்கித் ஜார்க்கண்ட் பையன். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் துணியில் சுற்றித் தைத்த சின்ன முடிச்சு. வேனில் காலம். வியர்வையில் கயிறு ஊறி, அழுக்கேறி, அதன் கீழே கழுத்தைச் சுற்றிச் சிவந்து புண்ணாகியிருந்தது. பையன் சொறிந்துகொண்டே இருந்தான். நான் யோசிக்கவே இல்லை. கிராஃப்ட் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். கழுத்தைத் துடைத்து, களிம்பு தடவி, கயிற்றைக் குப்பைக் கூடையில் போட்டேன். சொறிவது நின்றதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

சாயந்திரம் அவன் அம்மா சுமன் வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். மகனைத் தூக்கியவள் கை கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் புண்ணைக் காட்டி, களிம்பைக் காட்டி, கத்திரிக்கோலையும் காட்டினேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. இரண்டு விரலை எனக்குக் காட்டினாள். பிறகு கையை மண்ணில் வைத்துக் காட்டினாள். அப்புறம் அங்கித்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இவனுக்கு முன்னால் இரண்டு. இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவன் கழுத்தில் ஊரில் யாரோ பெரியவர் கட்டியது அது.

குப்பைக் கூடையை மதியமே வண்டிக்காரர்களிடம் கொடுத்தாகிவிட்டது. கன்னியம்மாதான் முதலில் அசைந்தாள். "வண்டி ரேஷன் கடையாண்ட நின்னுகினு இருக்கும், இரு" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வண்டியில் குப்பை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னதும் அவளும் எங்களோடு சேர்ந்து தேடினாள். எங்கள் பள்ளிக் குப்பையை அடையாளம் காண்பது சுலபம். கலர் காகிதமும் உடைந்த க்ரேயானும்தான். வாழைப்பழத் தோலோடு ஒட்டிக்கொண்டு அந்த முடிச்சு கிடைத்தது.

சுமன் அதைக் குழாயடியில் மூன்று தரம் கழுவினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் பையனை அனுப்ப மாட்டாள் என்று நினைத்தேன். அனுப்பினாள். கழுத்தில் இல்லை, இடுப்பில் புதுக் கயிறு. அதில் அந்த முடிச்சு. அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் கம்பெனியில் உடன் வேலை செய்கிறவர்களிடம் கற்றது. 'நீ', 'வா', 'போ' தவிர வேறு மரியாதை தெரியாது. பையனின் கழுத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள், சிவப்பு குறைந்திருந்தது. பிறகு கண்டிப்பாக ஒரு விரலை ஆட்டிச் சொன்னாள்:

"டீச்சர், நீ மருந்து போடு. கத்திரி போடாதே."

பாஷை கெட்டுவிடும்

தருண் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குத் திருநெல்வேலி, அம்மாவுக்குக் கோயம்புத்தூர். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் எப்போதும் ஒரு லேப்டாப் மீட்டிங்கில் இருக்கும். சேர்க்கும்போது அம்மா தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஆயா பேசும் தமிழ் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? நான் பார்க்கலாம் என்றேன். ஆனால் தருண் அப்போது எந்தப் பாஷையும் பேசவில்லை. மூன்று வயசு தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, பிள்ளைகளோடு பழகவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தால் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்கள். கன்னியம்மா அதைக் கவனிக்காமல் நடந்து வந்துகொண்டிருந்தாள். தருண் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னான்: "ஆயா, பாத்து! தண்ணி கீது!" கன்னியம்மா ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றாள். நான் போனை எடுத்தேன். அரை மணி நேரத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. தருண் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அப்பா வண்டி கீது" என்றான். அம்மா வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா கன்னியம்மாவின் முன்னால் போய்க் கைகூப்பினார். அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் என்னிடம் திரும்பினார்:

"ஆயாவை இவன்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசச் சொல்லுங்க டீச்சர், 'கீது'ம்பானோ 'இருக்கு'ம்பானோ, எங்களைக் கூப்பிட்டாப் போதும்."

தாய்மொழி என்ற கட்டம்

கிஷோர் திருமழிசையிலிருந்து வருகிறவன். சேர்க்கை விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதியிருந்தது. காலையில் அம்மா கொண்டுவந்து விடுவாள். நான் 'குட்மார்னிங்' சொல்வேன். அவள் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்று முதல் வாரத்திலேயே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

பையன் பேசுவான், ஆனால் பேசித் தொடங்க மாட்டான். ஏதாவது வேண்டும் என்றால் என் தொடையில் தட்டுவான். திரும்பவில்லை என்றால் காலால் தரையில் 'தொம், தொம்' என்று மிதிப்பான். அதற்கும் திரும்பவில்லை என்றால் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவான். மற்ற பிள்ளைகளையும் அப்படித்தான். "கையை வெச்சிக்கிட்டுச் சும்மா இரு, வாயால கூப்பிடு" என்று ஒரு மாதம் அதட்டியிருப்பேன். சில நாள் ஓரமாக உட்காரவைத்தும் இருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவனைக் கூட்டிப் போக அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை ராணி. அவளிடம் குற்றப்பத்திரிகை வாசித்தேன். அடிப்பது போல எல்லோரையும் தட்டுகிறான், நீங்கள் வீட்டில் சொல்லித் திருத்த வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை. "எங்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் காது கேக்காது, டீச்சர். பொறந்ததுலேருந்தே. பேச்சும் வராது. இவன் அவங்களத் தட்டாம எப்படிக் கூப்பிடுவான்?" என்றாள். பிறகு, "ஃபாரத்துல அந்தக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு தெரியல. 'கை'ன்னு எழுதினா சிரிப்பாங்கன்னு 'தமிழ்'னு எழுதிட்டேன்" என்றாள்.

அன்றைக்கு நான் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன். அந்த ஒரு மாத அதட்டல் முழுவதும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. தன் அம்மாவிடம் பேசும் பாஷையில் அவன் என்னிடம் பேசியிருக்கிறான். நான் அவனை ஓரமாக உட்காரவைத்திருக்கிறேன்.

மறுநாள் அவனை முன்னால் நிற்கவைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நாலு வயசுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அது மூக்கை நோண்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். அவனும் அப்படித்தான் பார்த்தான். பிறகு, "தண்ணி வேணும்னு அம்மாகிட்ட எப்படிக் கேப்பே? எங்களுக்கும் சொல்லிக் கொடு" என்றேன். பெருவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்தான். பாயில் இருந்த அத்தனை பெருவிரலும் வாய்க்குப் போனது. அடுத்த நாள் 'போதும்'. அதற்கடுத்த நாள் 'வா', 'உட்கார்', 'வலிக்கிறது'. பிள்ளைகளுக்கு இது பாடமாகவே தெரியவில்லை. ரகசிய விளையாட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு வாரத்தில் சாப்பாட்டு நேரத்துச் சத்தம் பாதியாகிவிட்டது. தமிழ் தெரியாமல் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்கூட முதல் நாளே தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கிஷோர் வாத்தியார் மாதிரி ஒவ்வொருவர் விரலையும் பிடித்துத் திருத்திக்கொண்டு நடந்தான்.

ஒரு மதியம் அவன் அம்மா சீக்கிரமே வந்தாள். கம்பெனியில் கரண்ட் இல்லை போலிருக்கிறது. வழக்கம்போல வாசலுக்கு வெளியே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். நான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை, சத்தியமாக. பாயின் ஓரத்தில் இருந்த ஒரு குட்டிப் பெண்தான் முதலில் பார்த்தாள். கையை நீட்டி 'வா' என்றாள். அடுத்தவன் 'உட்கார்' என்றான். இன்னொருத்தி 'தண்ணி வேணுமா' என்றாள். அப்புறம் அத்தனை கையும் காற்றில் ஆடின.

அவள் ஒரு செருப்பைக் கழற்றியபடி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்றாள். யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் திண்டாடினாள். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கையால் பதில் சொன்னாள். 'தண்ணி வேண்டாம்.' 'நீ உட்கார்.' 'வருகிறேன்.' ஒரு பையன் 'வலிக்கிறது' என்று தப்பாகக் காட்டியபோது சத்தமாகச் சிரித்தாள். அவள் குரலை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். பாய்க்கு நடுவே வந்து உட்கார்ந்து, கிஷோரை மடியில் இழுத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராக விரல்களை வேகமாக அசைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னடா சொல்றாங்க அம்மா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் அலட்சியமாக மொழிபெயர்த்தான்:

"'இவங்க எல்லாரும் நமக்குச் சொந்தக்காரங்களா'ன்னு கேக்குறாங்க, டீச்சர்."

*

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது உங்களுக்கு எத்தனை மொழி தெரியும் என்று கேட்கிறார்கள். 'தப்பு என்மேலதாங்க' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்ல வரும் என்று கேட்டிருந்தால், என்னை அன்றைக்கே ஹெச்.எம். ஆக்கியிருப்பார்கள்.